ஆல்வா ப்ரூயிட் சத்தமில்லாமல் சொன்னது

எங்கள் ஊரான ஹார்க்கர் ஸ்பிரிங்ஸில் குதிரைக்கு லாடம் அடிக்கும் ஆல்வா ப்ரூயிட்டுக்குத் திக்குவாய். என் சாப்பாட்டுக் கடையில் அவன் பீன்ஸ் கேட்டு முடிப்பதற்குள் பீன்ஸ் ஆறிவிடும். அதற்காகச் சிரித்தவர்களைக் கரண்டியோடு துரத்தியிருக்கிறேன்.

தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் ஹெஸ்டர் லண்ட் மேல் அவனுக்கு உயிர். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே யார் பேச்சையும் புரிந்துகொள்வாள், இவன் பேச்சைத் தவிர. கோணிக்கொண்டு நிற்கும் வாயில் எதைக் கண்டுபிடிப்பாள்? எழுதிக் கொடுக்கலாமென்றால் அவனுக்கு எழுத்து தெரியாது. ஐந்து வருஷமாக, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கப் போய், தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

அந்தக் கோடையில் ஊமைப்படம் எடுக்கும் சினிமாக்காரர்கள் வந்தார்கள். குதிரையில் தபால் கொண்டுபோனவர்களைப் பற்றிய படம். அதில் ஆல்வாவுக்கு, குதிரை மாற்றும் இடத்துக் காவலன் வேஷம். தபால் பையைப் புதுக் குதிரை மேல் வீசிவிட்டு, கேமராவைப் பார்த்து, "தபால் நிக்காது!" என்று சொல்ல வேண்டும்.

மூன்று தடவை திக்கினான். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், படத்துல உன் சத்தம் எங்கய்யா கேக்கப் போவுது? வாயை மட்டும் அசை. என்னத்த வேணா சொல்லு, எழுத்துல நாங்க போட்டுக்கறோம்."

ஆல்வா சத்தமில்லாமல் வாயை அசைத்தான். திக்கவே இல்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுவருஷம் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. திரை முழுக்க ஆல்வாவின் முகம். உதடு அசைந்தது. பிறகு 'தபால் நிற்காது!' என்று எழுத்து வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஹெஸ்டர் மட்டும் எழுந்தாள்.

"அவரு அதைச் சொல்லல."

"உக்காரும்மா, மறைக்குது!" என்று யாரோ கத்தினார்கள். அவளுக்கா கேட்கும்?

"ஹெஸ்டர், என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு."

படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த பியானோ நின்றது. திரையிலும் அவள் உதட்டைப் படிப்பாள் என்று மடையன் நினைத்தே பார்க்கவில்லை. ஓட எழுந்தவனின் சட்டையைப் பிடித்தேன். "ஓடுனே, காலை ஒடிச்சிருவேன்!"

ஹெஸ்டர் நேரே அவனிடம் வந்தாள். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"ஹெ... ஹெ..."

அவன் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். "சத்தம் யாருக்கு வேணும்? எனக்கா?"

ஆல்வா வாயை மூடினான். மறுபடி திறந்தான். நாங்கள் கழுத்தை நீட்டினோம். ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.

"சரி," என்றாள் ஹெஸ்டர். அது மட்டும் கொட்டகை முழுக்கக் கேட்டது.