எட்டாத சுருதியில் எடுத்த பாட்டு

கொரோனா வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் லைனில் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போதும் அதே ஊர்தான். கம்பெனி மட்டும் வேறு.

எங்கள் சர்ச்சில் அந்தக் காலத்தில் பாட்டு இரண்டு குடும்பங்களின் கையில் இருந்தது. ஒரு வீட்டுக்குக் கீபோர்டு, இன்னொரு வீட்டுக்கு மைக். அப்பா விட்டால் மகன், மகன் ஊருக்குப் போனால் மருமகள். மற்றவர்கள் எழுந்து நின்று கூடவே பாட வேண்டியது, உட்கார வேண்டியது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டே விட்டேன்.

"கம்பெனிக்குப் போற பொம்பளைங்க சர்ச்சைப் பெருக்கலாம், பாய் விரிக்கலாம், அறுப்பின் பண்டிகைக்கு வடை சுடலாம். பாட்டு மட்டும் எடுக்கக் கூடாதா?"

பின்வரிசையில் என் லைன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

போதகர் புதிதாக வந்தவர், நல்ல மனிதர். ஆராதனையில் பாட்டு நடத்த விரும்புகிறவர்களுக்கும் இசைக்கருவி வாசிக்கிறவர்களுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். கமிட்டி ஒத்துக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பயிற்சி முடிந்ததும் புதியவர்களில் ஒருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பார்ப்பது. நன்றாக வந்தால் மற்றவர்களுக்கும் முறை வரும். "சரியா வரலன்னா பழையபடியே நடக்கட்டும், இன்னா?" என்றார் கமிட்டிச் செயலாளர். அந்த ஒருவர் யார் என்று யோசிக்கவே இல்லை. வாய் திறந்து கேட்டவள் நான்தானே, என் பெயரையே போட்டார்கள். எனக்குப் பின்னால் என் லைனில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். நான் சொதப்பினால் அவர்களுக்கும் கதவு சாத்தப்படும்.

இங்கே டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாடகர் குழுவுக்குத் தலைவி. என் பெயர் வந்ததும் எல்லோர் முன்னாலும் என்னிடமே சொன்னார்: "மெஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பழகின தொண்டைம்மா அது. ஆராதனைக்கு ஆவாது."

நான் விடுவேனா? "பசங்களைப் பாத்துக் கத்திக் கத்திப் பழகின தொண்டை மட்டும் ஆவுதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய் நிற்கிறது. ஷிப்டு முடிந்து கம்பெனி வேனில் இறங்கி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடுவோம். எவ்வளவு சோப்பு போட்டாலும் விரலில் பசை வாசனை போகாது. வேலூரிலிருந்து ஒரு அண்ணன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து வருவார். அவர்தான் பயிற்சி கொடுப்பவர். பக்கத்துத் தெரு மசூதியில் பாங்கு ஆரம்பித்ததும் அவரே வாசிப்பதை நிறுத்திவிடுவார். அது எங்களுக்கு டீ நேரம் ஆகிவிட்டது. கொஞ்சம் தாமதமானால் என் தோழி, "இன்னாண்ணா, இன்னும் பாங்கு சொல்லல? நாக்கு வறண்டுபோச்சு" என்பாள். சமோசாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே சுருதி, தாளம் என்று பேசுவோம். வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருந்த எங்களை ஒரு ஆள் உட்கார வைத்து ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்போதுதான்.

அவர் வைத்த பழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் முன்னால் நின்று பாட்டை நடத்த வேண்டும். மற்றவர்கள் சபை மாதிரி உட்கார்ந்து கூடவே பாட வேண்டும். பாட்டு எந்த இடத்தில் எட்டவில்லையோ அங்கே வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கிவிட வேண்டும். "நீங்க நல்லா பாடுறீங்களான்னு எனக்கு வேணாம். இவங்க பாடுறாங்களான்னு பாருங்க" என்பார். எங்களோடு பயிற்சிக்கு வந்த, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் தம்பியும் ஒருநாள் பாடி நடத்தினான். பெரிய குரல், நல்ல குரல். சரணத்துக்கு வருவதற்குள் அத்தனை கையும் மேலே. அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. நான் நடத்தியபோது முதலில் எனக்கும் அதே கதிதான். பிறகு இறக்கி, இன்னும் இறக்கி, என் குரலுக்கும் சபைக்கும் ஒத்துவருகிற ஒரு சுருதியைப் பிடித்தோம். என் பாட்டுக்கு அதுதான் சுருதி என்று முடிவானது.

டீச்சரும் ஒவ்வொரு வாரமும் வந்தார். "நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். பாட மாட்டார், கையும் தூக்க மாட்டார். குற்றம் கண்டுபிடிக்க வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

என் ஞாயிறு வந்தது. எனக்கு முன்னால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினார்கள். எங்கள் கீபோர்டுத் தம்பிக்கு ஒரே ஒரு வரிசைக் கட்டைகளில்தான் வாசிக்கத் தெரியும். எந்தச் சுருதி கேட்டாலும் அதே கட்டைகள்தான். டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் விரல் வைக்கிற இடம் மாறாது, வெளியே வரும் சத்தம் மட்டும் ஏறும் அல்லது இறங்கும். எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் பாதி கீபோர்டுகள் இந்தப் பட்டனை நம்பித்தான் ஓடுகின்றன. பிள்ளைகளின் கீச்சுக் குரலுக்காகச் சுருதியை ஏற்றி வைத்தவன், எனக்காக இறக்கி வைக்க மறந்துவிட்டான்.

எனக்கு அது தெரியாது. பயத்தில் காதே அடைத்திருந்தது. அவன் வாசித்த இடத்தில் பிடித்துப் பல்லவியை எடுத்தேன். கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது, ஆனாலும் தாண்டிவிட்டேன். சரணத்தில் பாட்டு மேலே ஏற வேண்டும். ஏறினேன். மெஷினில் ஊசி உடையும்போது ஒரு சத்தம் வருமே, என் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம்தான் வந்தது, அதுவும் மைக்கில்.

தம்பி என்னைப் பார்த்து "இன்னாக்கா பண்ற?" என்று உதட்டை அசைத்தான். தப்பு என்னுடையது என்று நினைத்து இன்னும் சத்தமாக வாசித்தான். அவன் விரல்கள் சரியான கட்டைகளில்தானே இருந்தன! சபையில் ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டு வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து என் தோழி, "பாடுடி!" என்றாள். அவளுக்கே குரல் எட்டவில்லை. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தது, எங்கள் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது டீச்சர் எழுந்தார். முதல் வரிசையிலிருந்து நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். அவர் எதற்கு வருகிறார் என்று சபைக்கே தெரியும். மைக்கை வாங்குவார், பாட்டை எடுத்து முடிப்பார், எல்லோரும் மூச்சு விடுவார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடுங்கட்டும், சர்ச் என்றுகூடப் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் மைக்கைப் பார்க்கவே இல்லை. கீபோர்டுப் பக்கம் உள்ளங்கையைக் காட்டி, "தம்பி, கைய எடு" என்றார். சத்தம் நின்றது. டீச்சர் என் காதருகே குனிந்து, வாயை மூடியபடி மெல்ல ஒரு சுருதியை முனகினார். தாழ்ந்த சுருதி.

"இங்கேர்ந்து எடு. நீயே எடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அவர் இடத்தில் நின்றுகொண்டார்.

எடுத்தேன். வாத்தியம் எதுவும் இல்லாமல் பல்லவியிலிருந்து எடுத்தேன். குரல் கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் நின்றது. முதலில் பின்பெஞ்சுகள் சேர்ந்தன. பிறகு நடுவரிசை, பிறகு ஆண்கள் பக்கம். சரணம் வந்தபோது எல்லோருக்கும் எட்டியது. சபை பாட ஆரம்பித்தால் அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னபடி மைக்கை வாயிலிருந்து இறக்கினேன். பாட்டு நிற்காமல் ஓடியது.

இதற்குள் தம்பி கீபோர்டின் திரையைக் குனிந்து பார்த்துவிட்டான். முகம் செத்துப்போயிற்று. பட்டனை அழுத்திப் பயிற்சியில் வைத்த இடத்துக்கு இறக்கி, பயந்து பயந்து ஒரு விரலை வைத்தான். அந்தச் சத்தம் எங்கள் பாட்டோடு அப்படியே வந்து ஒட்டியது. கொஞ்சமும் மேலே இல்லை, கொஞ்சமும் கீழே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் என் காதில் கொடுத்தது ஏதோ ஒரு தாழ்ந்த சுருதி இல்லை. சனிக்கிழமைகளில் இறக்கி இறக்கி என் குரலுக்காக நாங்கள் பிடித்து வைத்திருந்த அதே சுருதி. கையைக் கட்டிக்கொண்டு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்தேன். "ஏன் டீச்சர், நீங்களே பாடியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"நான் பாடியிருந்தா அடுத்த வாரம் நீ சர்ச்சுக்கு வந்திருப்பியா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "சுடுதண்ணி குடி. இன்னும் கரகரன்னுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்காக நாங்கள் ஒன்றும் ராசியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் எந்தப் பாட்டை எடுப்பது என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். ஒரு வித்தியாசம், அவை பேசிப் போட்ட சண்டைகள்.

கமிட்டி சொன்ன சொல் மாறவில்லை. என் லைன் பெண்கள் இரண்டு பேருக்கும் முறை வந்தது. தம்பி வேலூர் அண்ணனிடமே போய்ப் பட்டன் இல்லாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்தான். டீச்சர் மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் இப்போது வேறு யாரோ நிற்கிறார்கள், ஆனாலும் பாட்டு எடுக்கும்போது என் கண் அங்கேதான் போகிறது.

சனிக்கிழமைப் பயிற்சியை இப்போது நான்தான் நடத்துகிறேன். வருகிறவர்கள் திறமையானவர்கள். போனைப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டு வருகிறார்கள். மேடையில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு தங்களுக்கு எட்டுகிற உச்சியில் பாடுகிறார்கள். சபை வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிறது. எனக்குக் கோபம் வருகிறது, திட்டியும் விடுகிறேன். திட்டி முடித்த பிறகு அந்த முனகல் காதில் கேட்கிறது. பிடிக்காத ஒருத்தியின் குரல் எங்கே நிற்கும், எங்கே உடையும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு வைத்திருக்க என்னால் முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முடியும் என்று துணிந்து சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.