ஏலக்காய்த் தட்டில் இரண்டு விளையாட்டுப் பெட்டிகள்

என் தங்கையின் கணவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் ஊர் சிலமலையில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொந்தத்துக்குள் வெறும் கையோடு சண்டை போட முடியாது, கையில் ஏதாவது வேண்டும். நாங்கள் வீடியோ கேம் ஆடுகிற கையடக்க விளையாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு கம்பெனியின் கட்சி, நான் அதன் எதிரிக் கம்பெனியின் கட்சி. இருவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

கம்பெனிக்காரர்கள் பழைய பெட்டியை இழைத்துச் செதுக்கிப் புதிதென்று அனுப்பும்போதெல்லாம் எங்களுக்குள் மூண்டுவிடும். போடிமெட்டுக்கு மேலே, அவருடைய தோட்டத்து ஸ்டோரில், ஏலக்காய் உலர்த்தும் அந்தக் கட்டடத்தில் வைத்துத்தான் ஒப்பிடுவோம். காய் பார்க்கிற மாதிரியே பார்ப்பார். தராசில் போடுவார். காதோரம் குலுக்கி, உள்ளே ஏதாவது ஆடினால், விதை முற்றாத, அரிசி பிடிக்காத காய் என்று உதட்டைப் பிதுக்குவார்.

அவர் கம்பெனியின் முதல் பெட்டி ஒரு செங்கல். உள்ளே விசிறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் பேச முடியாது. இரண்டாவதில் விசிறியை மாற்றினார்கள், திரையின் கறுப்புக் கரையைக் குறைத்தார்கள், கட்டை விரலுக்கு வாகாகக் குமிழை நகர்த்தினார்கள். நல்ல வேலை. அவரிடம் இதைச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் முதுகை மூடிப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். என் கம்பெனி இன்னும் மோசம். முதல் பெட்டியில் நகத்தை விட்டு நெம்பினால் முதுகு கழன்று பேட்டரி கைக்கு வரும். மெலிந்த மறுபதிப்பில் அது போயிற்று. காதில் மாட்டுகிற ஒயருக்கான துளை போயிற்று. பிடிக்க இடம் போயிற்று. கடையில் பார்வைக்கு வைத்திருந்ததைப் பிடித்துப் பார்த்தபோது, மரத்துப்போன என் வலது கட்டை விரலுக்கு அதில் பொத்தான் இருப்பதே தெரியவில்லை. மெலிவு யார் கேட்டது? எந்த மனிதன் இவர்கள் வாசலில் போய் நின்று, ஐயா, என் பெட்டியை இளைக்க வையுங்கள் என்று அழுதான்?

மெலிந்ததை வாங்கி, உறைகூடக் கிழிக்காமல் பீரோவில் போட்டேன். பழையதையே வைத்திருந்தேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

அவருடைய தோட்டம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பாதி என்னுடையதாக இருந்தது. விலை விழுந்த ஒரு வருடம், கோபத்தில், என் பங்கை அவருக்கே விற்று எழுதிக் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன். அந்தச் சித்திரையில்தான் பெட்டிக்குள் ஒரு விவசாய விளையாட்டைத் தொடங்கினேன். பதினோரு வருடம். ஓடை வளைகிற இடம், பலா மரம், தண்ணீர்த் தொட்டி, சரிவில் இறங்கும் ஏலத் தூர் வரிசைகள், எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடுக்கினேன். விற்றபின் அவர் பலாவை வெட்டினார், தொட்டியை இடித்தார். என் தோட்டம் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அவருடைய பங்கையும் மறக்காமல் வரைந்திருந்தேன்: கல்லும் முள்ளுமாக.

அவருக்கு இது தெரியும். "இருந்ததை வித்துப்புட்டு பொட்டிக்குள்ள களை பறிக்கிறீக. கூலி ஒழுங்கா குடுக்குறாகளா மச்சான்?" என்று ஜீப்பு முழுக்கக் கேட்கச் சொல்வார்.

பெட்டிக்குள் இருப்பதை மெலிந்த பெட்டிக்கு மாற்றலாம். ஒரே ஒரு முறைதான் முடியும், மாற்றியதும் பழையதில் அழிந்துவிடும். அதனால் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதுதான் தப்பு.

ஆவணியில் ஒரு நாள் அவர் ஜீப்பில் மலையேறினோம். என்னைப் பிடிக்காத மனிதர் எதற்கு என்னைக் கூப்பிடுகிறார், நான் எதற்குப் போகிறேன் என்று தங்கை கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். மெட்டு தாண்டியதும் சாரல் அடித்தது. இரண்டு பெட்டிகளும் ஒரே பையில், பை என் காலடியில், காலடியில் தண்ணீர். ஸ்டோருக்குப் போய்ப் பையைத் திறந்தால் இரண்டுமே நனைந்திருந்தன. என்னுடையது எரியவில்லை. துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினேன், போடியில் செல்போன் ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்க. தொடாதீர்கள், சூடு காட்டாதீர்கள், அப்படியே கீழே கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வந்தபோது ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது.

மலையில் நனைந்த எதற்கும் ஒரே போக்கிடம்தான். ஸ்வெட்டர், பிள்ளைகளின் நோட்டு, ரேஷன் கார்டு, சாமி படம், எது நனைந்தாலும் ஸ்டோருக்குள் காயோடு காயாக மேல் தட்டில் வைத்துவிடுவார்கள். யாரும் யோசிப்பதில்லை. அவரும் யோசிக்கவில்லை. சாக்கை விரித்து, பச்சைக் காய்களுக்கு நடுவே வைத்திருந்தார்.

"ஈரத்த எடுத்துட்டேன் மச்சான்" என்றார். நல்ல காரியம் செய்தவன் குரல் அது.

அறையின் அனல் முகத்தில் அடித்தது. என் பெட்டியின் பேட்டரி அப்பளமாய் உப்பி, முதுகு மூடியைத் தானே தள்ளித் திறந்திருந்தது. பதினோரு வருடம் அங்கே வாயைப் பிளந்து கிடந்தது. கையை ஓங்கியிருப்பேன். ஆனால் அதே தட்டில், அதற்கு ஒட்டினாற்போல், அவருடைய பெட்டியும் இருந்தது. பசை இளகித் திரை எழும்பி, உடம்பு வில்லாக வளைந்திருந்தது. சதி என்று சொல்லி நிம்மதியாக வெறுக்கக்கூட வழி விடவில்லை, பாவி.

இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஹாரனை மட்டும் அடித்தார், தேவைக்கு அதிகமாக.

ரிப்பேர்க்காரர் என்னுடையதிலிருந்து உப்பிய பேட்டரியை இரண்டு விரலால் எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். மேசை ஒயரிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்தார். திரை மினுங்கியது, அணைந்தது, பிறகு நின்றது. பலா மரம் தெரிந்தது. மூச்சு விட்டேன்.

"போர்டு தாங்காதுண்ணே. மாத்துறதுன்னா வெரசா மாத்திக்கிருங்க" என்றார்.

மெலிந்த பெட்டி சிலமலையில், பீரோவில். போடி நெரிசலில் ஜீப்பு நகராது என்று, நான் எழுவதற்குள் ரிப்பேர்க்காரரின் பைக் சாவியை வாங்கிக்கொண்டு என் தங்கை கணவர் போய்விட்டார். மழையில் போய், மழையில் திரும்பி, பனியனுக்குள்ளிருந்து உறை பிரிக்காத பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அவருடையதற்கு வழியில்லை என்று ரிப்பேர்க்காரர் அவர் கிளம்பும் முன்பே சொல்லியிருந்தார். உள்ளேயே பசை போட்டுப் புதைத்த பேட்டரி உப்பி, போர்டை வளைத்துவிட்டதாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் என் பெட்டிக்காகப் போனார்.

மாற்றினோம். எவ்வளவு மாறியது என்று காட்டும் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பழைய பெட்டி இருண்டது. புதியதில் என் தோட்டம் வந்தது, ஓடையோடு, தொட்டியோடு. ஆனால் திரையைத்தான் அகலமாக்கியிருக்கிறார்களே. பழைய படம் நடுவில் ஒடுங்கி நிற்க, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் பங்கில் கிடந்த கல்லையும் முள்ளையும் பார்த்திருப்பார்.

"ரெண்டு பக்கமும் கறுப்பா தரிசு கெடக்கே மச்சான். அதையும் நானே எழுதி வாங்கிக்கிறவா?"

ரிப்பேர்க்காரர் சிரித்துவிட்டார். நான் வளைந்த பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"முதல்ல ஒங்க பொட்டியில வெளிச்சம் வரட்டும் மாப்ளே."

மழையில் போய் வந்ததற்கு அவருக்கு நன்றி சொல்லவில்லை. பஸ்சில் வீடு வந்தேன். ஈரச் சட்டையோடு உட்கார்ந்து, பொத்தானை உணராத விரலால், பதினோரு வருடத்தில் முதல் முறையாகத் தோட்டத்துக்கு நடுவே வேலி போட்டேன். அவர் பங்குக்குள் ஒரு கட்டம் தள்ளியே போட்டிருக்கிறேன். விரல் பிசகிப் போட்டதல்ல.