அமீர் அண்ணன் காப்பாற்றிய கைராசி

அமீர் ஹம்சா அண்ணன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று எங்கள் பம்ப் கம்பெனியில் சொல்வார்கள். பொய். அவருடைய பழைய சாப்ட்வேரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து அரை மணி நேரம் விடமாட்டார். உக்கடத்திலிருந்து வந்து இருபத்து மூன்று வருடமாக அதைக் கட்டிக் காக்கிற மனிதர். கேட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

டெஸ்டிங், ஸ்டோர், டிஸ்பேட்ச் என்று மூன்று இடத்தில் மூன்று கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொன்றும் மூலையில் கிடக்கிற நேமிங் சர்வரிடம், 'என் பெயர் இது, நான் இங்கே இருக்கிறேன்' என்று பதிந்துகொள்ளும். டெஸ்டிங்கில் பாஸான பம்பின் விவரம் மற்ற இரண்டுக்கும் போனால்தான் லேபிள் அச்சாகும்; ஒன்று இன்னொன்றைத் தேடும்போது அந்த சர்வரிடம் விசாரித்துத்தான் போகும்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அண்ணன் இல்லை. கருமத்தம்பட்டியில் மச்சான் மகளுக்கு நிக்காஹ். பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்தோம். மறுநாள் நல்ல நேரத்தில் முதல் சுவிட்சை ஒரு தொழிலாளி போடுவது எங்கள் வழக்கம். டெஸ்டிங்கில் வேலை செய்யும் லோகப்பிரியாவுக்கு இந்த முறை அந்த மரியாதை. ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அவள் டெஸ்டிங்கைப் போட்டாள். பிறகு மற்றவை. நாங்கள் பொட்டு வைக்கக்கூட மறந்துபோன சர்வரை யாரோ கடைசியில் போட்டார்கள்.

பம்புகளுக்கு லேபிள் வரவில்லை. லாரி வாசலிலேயே நின்றது. ஃபிட்டர் கந்தப்பன் வாய் சும்மா இருக்குமா? "கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்று இழுத்தார். பத்து மணிக்குள் ஷெட் முழுக்க அதே பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பிள்ளை கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றது.

போன் போட்டதும் அண்ணன் கல்யாண வீட்டிலிருந்து அத்தர் மணக்க வந்து சேர்ந்தார். கேபிளைப் பார்த்தார். சரியாக இருந்தது. மூன்று கம்ப்யூட்டரிலும் சர்வர் முகவரி எழுதிய கான்ஃபிகரேஷனைப் பார்த்தார். அதுவும் சரி. கடைசியாக, சர்வரில் பதிந்த பெயர்களைக் கேட்டார். திரை காலி.

"எதை மொதல்ல போட்டீங்க?"

சொன்னோம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மூன்றும் பதியப் போனபோது சர்வரே எழுந்திருக்கவில்லை. ஒருமுறை பதில் வராவிட்டால் மறுபடி கேட்காதபடி அவற்றை அமைத்து வைத்தவர் அண்ணன்தான். வருடா வருடம் பூஜைக்கு மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அவரே வந்து சர்வரைப் போட்டுவிடுவதால் இது யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி வேலுமணியிடம் போய் ஷெட்டே கேட்கும்படி சொன்னார்: "மொதலாளி, தப்பு என்னோடதுங்க. சர்வரத்தான் மொதல்ல போடோணும்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க. அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்லீங்க." தன் சாப்ட்வேரைக் குறை சொன்னவர்களோடு மூன்று நாள் பேசாத மனிதர் பேசிய பேச்சு இது.

எல்லாவற்றையும் அணைத்தார். "வா அம்மணி, நீயே போடு."

"வேண்டாமுங்கண்ணா. மறுக்கா ஓடலைன்னா நான் இங்க வேலைக்கே வர முடியாதுங்க."

"ஓடும் கண்ணு. நான் சொல்றேன்."

சர்வரை முதலில் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. திரையில் டெஸ்டிங் வந்தது, ஸ்டோர் வந்தது, டிஸ்பேட்சும் வந்தது. லேபிள் பிரிண்டர் கரகரவென்று இரைந்ததும் லோகப்பிரியா அழுதுவிட்டாள். நானும்தான், இதிலென்ன வெட்கம். அண்ணன் மட்டும் கம்ப்யூட்டர்களை விட்டு நகரவில்லை. இனி பதில் வரும்வரை மூன்றும் கேட்டுக்கொண்டே இருக்கும்படி கான்ஃபிகரேஷனை மாற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

கந்தப்பன் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் புது மொபெட் வாங்கியவர், அதை ஓட்டாமல் கம்பெனி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். லோகப்பிரியாவிடம் சாவியை நீட்டி, "ஏனுங்க அம்மணி, மொதல்ல நீங்க ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க" என்றார்.