பணமா, எடையா?

நகைக்கடைப் பெண் சொன்னது முதலில் பாஞ்சாலையின் காதில் ஏறவேயில்லை.

"உங்களுக்கு ஆறு கிராம் இருநூத்தி எம்பது மில்லிங்கம்மா. அவங்களுக்கு எட்டு கிராம் நூத்தித் தொண்ணூறு."

'அவங்க' என்றது பக்கத்து நாற்காலியில் இருந்த ஜோதியம்மாளை. பாஞ்சாலையின் அண்ணன் மனைவி. இரண்டு பேரும் போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் ஒன்றாக பஸ் ஏறி வந்து இந்தக் கடையில் நகைச்சீட்டு சேர்ந்தார்கள். மாசம் ஏழாயிரம், பதினோரு மாசம். கட்டின தேதி ஒன்று, தொகை ஒன்று.

"இன்னொரு வாட்டி பாரும்மா. கார்டு மாறிப் போயிருக்கும்."

"மாறலீங்க. மொத பக்கம் பேருக்குக் கீழ பாருங்க, உங்களுது பணத் திட்டம். அவங்களுது எடைத் திட்டம்."

"அப்படின்னா?"

"அவங்க கட்டின அன்னிக்கே, அன்னிக்கு ரேட்டுக்கு எத்தினி கிராம் வருதோ அதை வரவு வெச்சிருவோம். ஆரம்பத்துல விலை கம்மி, அப்புறம் ஜாஸ்தியா ஏறிச்சு. உங்க பணம் பணமாவே இருந்திச்சு. அதுக்கு இன்னிக்கு ரேட்டுல தங்கம். விலை எறங்கியிருந்தா உங்களுக்குத்தாங்க லாபம்."

"தங்கம் எந்தக் காலத்துலம்மா எறங்குச்சு?"

கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் பாஞ்சாலைக்கு முதுகில் வேர்வை வழிந்தது. ஏறக்குறைய ரெண்டு கிராம். யாரும் திருடவில்லை, எங்கும் தொலையவில்லை. ஆனால் இல்லை.

"ஏம்மே, அன்னிக்கு நான் பக்கத்துலதானே நின்னேன்," என்றாள் ஜோதியம்மாள். "பணமா எடையான்னு கேட்டாங்க. எடை வேணவே வேணாம்னு நீதானே கத்தினே? கடையே திரும்பிப் பாத்துச்சு."

கத்தினாள்தான். பாஞ்சாலை பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்தில். அறுவடைக்கு அறுவடை அப்பனோடு மூட்டை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போவாள். வீட்டில் நாற்பத்திரண்டு கிலோ இருந்த மூட்டை அங்கே தராசில் ஏறினால் முப்பத்தொன்பது. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, எதற்கென்றே தெரியாமல் இன்னொரு கிலோ. எடை என்றால் எவனோ கை வைக்கிற இடம் என்பது அவளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரியும். கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்து, கலெக்டர் ஆபீஸ் பக்கம் இட்லிக்கடை போட்டு பதினெட்டு வருஷமாகியும் அரிசியைப் படியில்தான் அளந்து வாங்குவாள். அதனால் அன்றைக்கு அந்தக் கேள்வி வந்ததும், "பணமாவே இருக்கட்டும், நோட்டை எண்ணினா எனக்குத் தெரியும்" என்றாள். கேட்ட பையனும் விளக்கவில்லை. இவளும் கேட்கவில்லை. ஜோதியம்மாள் டவுனில் பிறந்தவள், மண்டித் தராசு முன்னால் நின்றதே கிடையாது. எடையிலேயே போடச் சொன்னாள்.

"அண்ணி, உனக்குத் தெரியும்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கு என்ன தெரியும்? நகைதானே வாங்கப் போறோம், எடையாவே இருக்கட்டுமேன்னு சொன்னேன். இவ்ளோதான் என் அறிவு."

பாஞ்சாலைக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மகன் மாறனுக்குக் கல்யாணம், இன்னும் இருபது நாள். நிச்சயத்தன்று நாலு பேர் நடுவில், "மருமவளுக்கு ஒரு பவுன்ல கொடி போடுறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னது அவள் வாய். இப்போது கையில் வரப்போவது முக்கால் பவுன் சொச்சம்.

"மீதிக்கு இருபத்தோராயிரம் போட்டா எட்டு கிராம் ஆயிடும்ங்க," என்றாள் கடைப் பெண்.

"நான் வேணா தரட்டுமா?" என்று ஜோதியம்மாள் மெல்லக் கேட்டாள். "மெதுவாத் திருப்பிக் குடு."

பாஞ்சாலை யோசித்தாள். சமையல்காரருக்கு மீதி கொடுக்க வேண்டும், பந்தலுக்குக் கொடுக்க வேண்டும். அண்ணியிடம் வாங்கினால் அண்ணன் வாய் சும்மா இருக்காது. தன் முட்டாள்தனத்துக்குக் கடன் வேறு வாங்குவதா?

"வேணாம் அண்ணி. சொன்னவளே மாத்திச் சொல்லிட்டுப் போறேன்."

கடை வாசலுக்கு வந்து சம்பந்தி தங்கம்மாளுக்குப் போன் போட்டாள். தெருவில் ஆட்டோக்கள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரு பவுன்னு சொன்னேங்க. ஆறே கால் கிராம்தான் வருது. தப்பு என்னுதுதான். மண்டியில எடையில ஏமாந்த புத்தி, இங்கயும் எடை வேணாம்னுட்டேன். நீங்க என்ன நெனச்சாலும் சரி, இப்பவே சொல்லிட்டேன்."

மறுமுனையில் பேச்சே இல்லை. கோபம்தான் என்று பாஞ்சாலை நினைத்தாள்.

"எந்தக் கடைங்க?" என்றாள் தங்கம்மாள் கடைசியில்.

சொன்னாள்.

"நானும் அங்கதாங்க கட்டிட்டு வர்றேன். எட்டு மாசமாச்சு, சின்னவளுக்குன்னு." "எங்களுதும் மல்லாட்டைக் காடுதான். நானும் பணமேன்னுதான் சொன்ன ஞாபகம்…"

"ஐயையோ!"

"கொடியை வுடுங்க, ஆறு கிராம்னா ஆறு கிராம். கார்டுல எங்க பாக்கணும்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"மொத பக்கம். பேருக்குக் கீழ."

போனுக்குள் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பாஞ்சாலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.