அன்னபாக்கியம் அம்மாளின் அருவருப்பு

செய்தி வந்தபோது நான் மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விடுதிச் சமையற்காரி சன்னலுக்கு வெளியே வந்து நின்று, "பெரிய டீச்சர் போயிட்டாங்கம்மா" என்றாள். பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியை நடத்திய அன்னபாக்கியம் அம்மாளை மறுநாள் அடக்கம் செய்தோம். அதன்பின் நடந்த கூட்டத்தில் அவரைச் சாந்த சொரூபி என்றார்கள், ஒருவரையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை என்றார்கள். பேட்டையில் பஞ்சுக் கிடங்கு வைத்திருக்கும் முதலாளி பெரிய மாலையோடு வந்து, தமக்கும் அம்மாளுக்கும் இருந்த சிநேகத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

அம்மாளோடு பழகிய பழைய மாணவிகளான உங்களுக்குத் தெரியும், அவர் முகம் சுளிப்பார். நன்றாகவே சுளிப்பார். பள்ளியைப் பார்க்க வந்த ஒரு கனவான் வகுப்பறைச் சுவரில் வெற்றிலை எச்சிலைத் துப்பியபோது, அம்மாள் ஒரு செம்புத் தண்ணீரும் கந்தைத் துணியும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். சுவர் சுத்தமான பிறகே பேச்சு தொடர்ந்தது.

அந்த முதலாளியோடு இருந்த 'சிநேகம்' இதுதான். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், சாத்தான்குளத்தில் இருந்த எங்கள் கிளைப் பள்ளியின் கூரை இற்றுப்போய்விட்டது. மரம் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். இடத்தைப் பார்க்கத் தம்முடைய புது மோட்டாரிலேயே போகலாம் என்று அம்மாளையும் என்னையும் கிடங்குக்கு வரச் சொன்னார்.

போய் இறங்கியதும் நாங்கள் கண்ட காட்சியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. டிரைவர் இசக்கி வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். கணக்குப்பிள்ளை அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். வண்டியில் பெட்ரோல் குறைந்துகொண்டே வருகிறதாம். குழாய் வைத்து வாயால் உறிஞ்சி விற்கிறான் என்பது முதலாளியின் சந்தேகம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் தினமும் காலையில் இந்தச் சோதனை. இசக்கி எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நாங்கள் பின்னால் ஏறி முதலாளிக்காகக் காத்திருந்தோம். அவர் வந்து முன்னால் இசக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கனத்த உடம்பு. ஆற்றைத் தாண்டுவதற்குள் பெட்ரோல் நெடி தலையைச் சுற்ற வைத்தது. அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லிப் பனைமரத்தடியில் வாந்தியெடுத்தார். முதலாளி சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, பழகாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்.

சாத்தான்குளத்துக்குச் சற்று முன்னால், செம்மணல் மேடான தேரிக்காட்டில், வண்டி நின்றுவிட்டது. தொட்டியில் பெட்ரோல் இல்லை. முதலாளி இறங்கி இசக்கியை அறைந்தார். நிரப்பியதை ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிட்டான் என்றும், ஊர் போனதும் போலீசில் ஒப்படைப்பேன் என்றும் கத்தினார். "ஏலே, வாயத் திற" என்று, நடுரோட்டில், எங்கள் முன்னாலேயே.

இசக்கி அம்மாளைப் பார்த்து, "தினமும் இப்படித்தாம்மா செய்யுதாங்க" என்றான்.

அம்மாள் முதலாளியிடம் சுருட்டைத் தூரப் போடச் சொன்னார். பிறகு, கிடங்கில் காத்திருந்தபோது நெடியே இல்லை, நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது என்றார். முன் இருக்கை மெத்தையையும் அடிப்பலகையையும் எடுக்கச் சொன்னார். அதற்குக் கீழேதான் பெட்ரோல் தொட்டி இருந்தது. தொட்டிக்கு அடியில் விரித்திருந்த கம்பளியை விரலால் தொட்டு மோந்தார். நனைந்திருந்தது. அவ்வளவும் கம்பளியில் ஊறிக் காற்றில் போயிருக்கிறது. தரையில் ஒரு சொட்டும் விழாததால் யார் கண்ணிலும் படவில்லை. இசக்கி சிந்தியிருப்பான் என்றார் முதலாளி.

அம்மாள் வாதாடவில்லை. வண்டியில் உபரியாக வைத்திருந்த பெட்ரோல் டின்னிலிருந்து தொட்டியை நிரப்பச் சொன்னார். தொட்டியைத் துடைத்து, தன் பையிலிருந்த சாக்குக்கட்டிகளைக் கல்லில் வைத்துப் பொடித்து, கசிந்தால் தெரியட்டும் என்று, ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்த மூட்டு நெடுகப் பூசினார். காத்திருந்தோம். தூள் காய்ந்தே இருந்தது. பலகையையும் மெத்தையையும் பழையபடி வைத்து, முதலாளியை ஏறி உட்காரச் சொன்னார். எரிச்சலோடு உட்கார்ந்தார். எழுந்ததும் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். மூட்டின் ஓரத்தில் ஈரம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அவர் பாரத்தில் பலகை அமுங்கி, தொட்டியை நெருக்கி, விரிசலைத் திறந்துவிட்டிருக்கிறது.

முதலாளி, "சரி, ஈயம் வச்சாப் போச்சு. ஏறுங்க டீச்சரம்மா" என்றார்.

அம்மாள் ஏறவில்லை. "அவன் வாயைத் திறக்கச் சொன்னீங்க. இப்பம் நீங்க வாயைத் திறந்து, அவன் திருடலன்னு அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

"டிரைவர்ப் பயகிட்ட நான் என்னத்தச் சொல்ல? உங்களுக்குக் கூரைக்கு மரம் வேணுமா வேண்டாமா?"

"அந்த மரத்துக்கு அடியில பிள்ளைகளை உக்கார வைக்க எனக்கு அருவருப்பா இருக்கு."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். நானும் நடந்தேன். பின்னால் இரும்பு விழும் சத்தம் கேட்டது. சுழற்றி வண்டியைக் கிளப்பும் கைப்பிடியை இசக்கி மணலில் போட்டுவிட்டு எங்களோடு வந்தான். வண்டி ஓட்டத் தெரியாத முதலாளி, பெட்ரோல் நிரம்பிய மோட்டாரில், மாட்டுவண்டி வரும்வரை தேரியில் கிடந்தார்.

கதை அங்கே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. பள்ளியின் மேலாளர்கள் அம்மாளைக் கண்டித்தார்கள். ஒரு டிரைவருக்காகக் கூரையை விட்டீர்களே என்று பெற்றோரும் கேட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோவில் தாழ்வாரத்தில் நெருக்கியடித்துப் படித்தார்கள். ஒரு நாள், சாரலில் நனைந்த பிள்ளைகளைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் விழுங்கிக்கொண்டு போயிருக்கலாமோ என்று நானும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஏட்டி எஸ்தர், விழுங்கிப் பார்த்தேன். வாந்திதான் வருது" என்றார்.

அடுத்த கோடையில் சபையார் ஆளுக்கொரு பனையாக வெட்டிக் கொடுத்துக் கூரை ஏறியது. இசக்கி தூத்துக்குடியில் ஒரு வைத்தியருக்கு வண்டி ஓட்டுகிறான். அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். கூட்டத்தில் அவனை யாரும் பேசச் சொல்லவில்லை.

அம்மாளிடமிருந்து எனக்குக் கிடைத்தது பெரிய உபதேசம் ஒன்றுமில்லை. போன வாரம் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் பலப்பம் காணாமல் போனது. எல்லாரும் ஓர் ஏழைப் பிள்ளையைக் கை காட்டினார்கள். நான் அவளைக் கையை விரிக்கச் சொல்லவில்லை. எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, குனிந்து, பலப்பம் அடியில் கிடக்கிறதா என்று பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.