வளையல் பதித்த பெட்டிகள்

முதல் பெட்டியை என் சம்பந்தி ஒரு ஈரிழைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய பேத்திக்கு முதல் பிறந்தநாள். 2005ஆம் வருஷம். கடலூரில் எங்கள் வீட்டில்தான் கொண்டாட வேண்டும் என்று நான் அடம்பிடித்து வாங்கிய உரிமை அது. பாண்டிச்சேரிக்குப் போய், பேட்டரி போட்டால் நடக்கிற, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டே பாடுகிற யானை ஒன்றை வாங்கி வந்திருந்தேன். யானை கூடத்தின் நடுவில் நடந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்துக்கொண்டிருந்த அபூர்வமான ஐந்து நிமிஷங்கள் அவை. அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து வந்த அந்த மனிதர் துண்டைப் பிரித்தார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தேக்குப் பெட்டி. எங்கேயும் ஆணி தெரியவில்லை. மூடியில் ஒரு மாங்காய் செதுக்கி, அந்த மாங்காய் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் குழந்தையின் தொப்புள்கொடி வைத்த வெள்ளித் தாயத்து. என் மகள் பெட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மாமா! இது என் வளைகாப்பு வளையலாச்சே!”

“ஆமாம்மா. நீ கழட்டி வச்சதுல ஒடஞ்சதெல்லாம் பொறுக்கி வச்சிருந்தேன். வயித்துல இருக்கும்போது புள்ள கேட்ட சத்தமில்லியா.”

மகள் அழுதாள். என் மனைவி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் குடும்பத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவளும் அழுதாள். என் யானை பாடிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வளைகாப்புக்கு வளையல் எடுப்பது பெண்வீட்டுக்காரர் வேலை. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வெயிலில் நின்று, கடைக்காரனோடு மல்லுக்கட்டி, அத்தனை டஜனையும் உடையாமல் பஸ்ஸில் மடியில் வைத்துச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனவன் நான். வளையல் வாங்கியது நான். பேர் வாங்கியது அவர்.

சம்பந்தி தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் காலையில் நடக்கச் சொன்னாராம். இவர் நடப்பதற்குப் பதிலாக மரம் இழைக்க ஆரம்பித்துவிட்டார். சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் வீடு. கிணற்றடிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்னக் கொட்டகை. அதில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட வேண்டும். அதிகம் பேச மாட்டார். நான் நேர்மாறு. மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பத்திரத்தைக் கொண்டுவந்தவர் காப்பி எடுத்து முடிப்பதற்குள் அவரை இரண்டு தடவை சிரிக்கவைத்து அனுப்பினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இவரை மட்டும் சிரிக்கவைக்க முடிந்ததே இல்லை. என் மிகச் சிறந்த சரக்கையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்பிடிங்களா?” என்பார்.

பங்காளிமேல் பொறாமை வந்தால் வேலித் தகராறாவது பண்ணலாம். சம்பந்திமேல் வந்தால், “இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊத்துங்க சம்பந்திக்கு” என்று சத்தம் போட வேண்டும். நான் அவருக்கு ஊற்றிய பாயசத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி வராதது அவர் அதிர்ஷ்டம்.

பேத்தி வளர வளர என் நிலைமை மோசமானது. லீவுக்குக் கடலூர் வரும்போது மாற்றுத் துணியை மறப்பாள், பெட்டியை மறக்க மாட்டாள். படுக்கும்போது வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள். நான் வாங்கித் தந்த கார், ரயில், டாக்டர் செட், எல்லாம் ஊருக்குத் திரும்புவதற்குள் உயிரை விடும். அவற்றின் அழகான உதிரி பாகங்களைப் பொறுக்கி அந்தப் பெட்டிக்குள் போட்டுக்கொள்வாள். என் ரயிலின் சக்கரம் அவர் பெட்டிக்குள் இருந்தது. ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“தாத்தா, சிதம்பரம் தாத்தா பொட்டி செய்யறாரு. நீ என்னா செய்வ?”

“நான் ஜெராக்ஸ் எடுப்பேன்டி கண்ணு.”

கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்தாள். “அது மிஷின்தான எடுக்குது?”

கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். என் கடையில், என் செலவில், வேறொருவர் சொன்ன ஜோக்குக்கு.

இரண்டாவது பேத்தி வயிற்றில் இருந்தபோது முடிவெடுத்தேன். வளைகாப்புக்கு எடுத்த வளையலில் ஒரு கைப்பிடியை வீட்டிலேயே பதுக்கினேன். நகல் எடுப்பது என் தொழில். ஒரு பெட்டியை நகலெடுக்க முடியாதா? உளி, சின்ன இழைப்புளி, ரம்பம் எல்லாம் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வேலை. முதல் வாரம் பலகையைவிட என் விரலைத்தான் அதிகம் இழைத்தேன். வளையல் துண்டை ஒட்டும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க யாருக்கோ ‘பிரமாதம்’ என்று சைகை காட்டுகிறவனைப் போலத் திரிந்தேன். ஆனாலும் அடுத்த அக்கினி நட்சத்திரத்துக்குள் பெட்டி ஒன்று பிறந்துவிட்டது. இழுத்துத் திறக்கும் மூடி. அந்த மூடியைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அவ்வளவு கச்சிதம். “காத்துகூட உள்ள போவாது” என்று மனைவியிடம் காட்டினேன். “காத்துக்கு அங்க என்னா வேலை?” என்றாள்.

பெட்டியை உடனே கொடுக்கவில்லை. கூட்டம் வேண்டும் எனக்கு. சின்னவளுக்குக் காதுகுத்து ஐப்பசியில், சிதம்பரத்து வீட்டில். கம்மல் கொண்டுவர வேண்டியவர்கள் தாய்மாமன் வீட்டுக்காரர்கள், அதாவது நாங்கள். நகைக்கடையில் ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கம்மலை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடி, சீர்த்தட்டில் தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் நடுவில் சிம்மாசனம் போட்டு உட்காரவைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அடைமழை. சிதம்பரத்தில் தேரோடும் வீதியிலெல்லாம் படகு விடலாம் போலத் தண்ணீர். என் மகன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். ஆசாரி ஊசியோடு தயார். “கம்மலக் குடுங்க” என்றார். நான் எழுந்து, சபையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மூடியை இழுத்தேன்.

வரவில்லை.

சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தேன். சிரிக்காமல் இழுத்தேன். மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் திருவிழா வடம் மாதிரி இழுத்தோம். நல்ல நேரம் முடியப்போவதை ஒரு பெரியவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒரு பெண்மணி பெட்டியை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. ரோஸ் காகிதத்தில் இறுக மடித்த கம்மல் எப்படிக் குலுங்கும்? அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்துவிட்டது. ‘உள்ள ஒண்ணும் இல்ல. அதான் தொறக்க மாட்டேங்கறாரு.’

மகளைப் பெற்றவன் காலிப்பெட்டியோடு சீர் கொண்டுவந்தான் என்ற பேச்சு கிளம்பினால், என் மகள் இந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? “சுத்தியல் இருக்கா? அருவாமணை? அம்மிக்கல்லு?” என்று கத்தினேன். அம்மிக்கல்லால் காது குத்தப் போகிறேன் என்று நினைத்துக் குழந்தை வீரிட்டது.

சம்பந்தி எழுந்து வந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். சூடானதும் அடுப்பை அணைத்து, நாலாக மடித்த துண்டை அதன்மேல் விரித்து, என் பெட்டியை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப்போட்டார். எட்டு மாத உழைப்பு என் கண்ணெதிரே வெந்துகொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சம்பந்தி, உங்களுக்கு மொறுமொறுன்னு வேணுமா, மெத்துன்னு வேணுமா?”

முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. அதே நொடியில் வயிறும் எரிந்தது. பெட்டியில்தான் தோற்றேன் என்றால், ஜோக்கிலுமா?

மூன்றாவது திருப்பலில் மூடி அசைந்தது. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். திறந்தது. “மரம் மழையில உப்பும் சம்பந்தி. மூடிக்கும் பொட்டிக்கும் நடுவுல மழைக்குக் கொஞ்சம் எடம் உடணும்” என்றார். பிறகு மூடியைத் திருப்பி என் வளையல் வேலையைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். “போவோம், நேரம் ஆவுது” என்றார். கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “சாமி படத்துக்கிட்ட வச்சு எடுத்தாந்தேன். கம்மல் ஜோரா இருக்கு.” குலுக்கிப் பார்த்த பெண்மணி தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னவளுக்கு அவரும் ஒரு பெட்டி செய்திருந்தார். அன்றைக்கு அதை வெளியே எடுக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு, யாரும் இல்லாத ஒரு சாதாரண நாளில் குழந்தை கையில் கொடுத்தாராம். இதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட மனிதர்மேல் நிம்மதியாகப் பொறாமைகூடப் பட முடியாது. என் பெட்டி அந்தச் சூட்டில் கொஞ்ச நாளிலேயே வாய் பிளந்துகொண்டது. சின்னவள் அதில் சீப்பு போட்டு வைத்திருந்தாள்.

தானே புயல் அடித்த மறுவருஷம் மகளுக்கு மூன்றாவது வளைகாப்பு. வளையல் பை என் கையிலிருந்து நேராகச் சம்பந்தியின் கைக்குப் போயிற்று. “இந்தத் தடவ நீலம் ஜாஸ்தி எடுத்திருக்கேன். பையனா இருந்தா ஆவும்” என்றேன். “அப்பிடிங்களா?” என்றார். ஆடி மாதம் ஒரு காலையில், கொட்டகையில் உட்கார்ந்திருந்தவரைச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நான்காவது முறை மாப்பிள்ளை போய்ப் பார்த்திருக்கிறார்.

அடுத்த மாதமே பேரன் பிறந்தான். கடலூரில் தொட்டிலைக் கட்டி முடித்த அன்று, மகள் அந்த வளையல் பையை என்னிடம் கொடுத்தாள். “அப்பா, நீ செய்யி.” செய்ய முடியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. ஏழு வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை. ஓட்டப்பந்தயத்தில் எதிரி நின்றுவிட்டால் முதல் பரிசு நமக்குத்தான். ஆனால் அதற்கப்புறம் எந்தப் பக்கம் ஓடுவது என்பது தெரிவதில்லை. முதல் இரண்டு பெட்டிகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. மூன்றாவதில் மாங்காயை விட்டுவிட்டு, நீல வளையல் துண்டுகளால் ஒரு மீன் பதித்தேன். மழைக்கு இடம் விட்டேன். பயத்தில் வெள்ளத்துக்கே இடம் விட்டுவிட்டேன்.

தை பிறந்ததும் குழந்தையைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். சம்பந்தியின் தங்கை மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்தார். குழந்தையின் தலைமாட்டில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் எடுத்தார். நீல மீனை விரலால் தடவினார். “பாவி மனுசா! போறதுக்கு முன்னாடி இதையும் செஞ்சி வச்சிட்டுத்தான் போயிருக்கியா!” என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை பார்த்தார். எட்டு வயதுப் பெரியவள் வாயைத் திறக்கப்போனாள். என் வேலைக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு அது: அவருடைய சொந்தத் தங்கையே அவர் கை என்று நம்பிவிட்டார். அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு வழியில்லை. மூடியைத் தூக்கிய உடனே இது யார் கை என்று கண்டுபிடித்திருக்கக்கூடியவர் ஒரே ஒருவர். முகத்தை மாற்றாமல் ஏதாவது சொல்லியிருப்பார். நான் எரிந்து சாம்பலாகியிருப்பேன்.

“ஆமாங்க. அவரு கைதான்” என்றேன்.

இன்றைக்கும் அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தேக்குப் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. வருகிறவர்கள் மூன்றுக்கும் சேர்த்து அவரைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் மனைவி, “பெரிய மனுஷனாயிட்டீங்க” என்று சொல்லிவிட்டு, முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பெரிய மனுஷனாகவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வரைதான் தாங்கியது. பக்கத்தில், மடியில் கருவாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினேன்.

“அந்தப் பொட்டிய நான்தாங்க செஞ்சேன்.”

“எந்தப் பொட்டிங்க?” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். யானையிலிருந்து ஆரம்பித்து, தோசைக்கல், நீல மீன் வரைக்கும். ஒரு இடத்திலும் அவர் சிரிக்கவில்லை. ஆலப்பாக்கம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டார்.

“நல்லா வந்துச்சா, பொட்டி?”

“மூடி கொஞ்சம் ஆடும்” என்றேன்.