தம்பி எடுத்த வாடகை வீடு

தம்பியின் இறுதிக் கிரியைக்கு வந்த உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னீர்கள். "கடைசிவரைக்கும் தம்பியை வீட்டில வைச்சுப் பாத்தியள். இப்பிடியொரு தமையன் ஆருக்குக் கிடைக்கும்?" நான் தலையை ஆட்டினேன். மண்டப வாசலில் நின்று அன்று எத்தனை பேருக்கு அப்படித் தலையாட்டினேன் என்பது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து தலைக்குத் தோய்ந்துவிட்டு இருந்தபோது என் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இண்டைக்கும் சொல்லேல்லையோ அப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே, இந்த நினைவு மலரில் தம்பியின் பிறப்பையும் பணியையும் எழுதுவதற்கு முன்னர் அதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி என் வீட்டில் இருக்கவில்லை. கோலியர்ஸ் வுட்டில் நீங்கள் வந்து இருந்து சாப்பிட்டுப் போன வீடு, தம்பி தன் பெயரில் எடுத்து, தன் சம்பளத்தில் வாடகை கட்டிய வீடு. நானும் என் மனைவியும் மகளும் தம்பியின் வீட்டில்தான் இத்தனை காலமும் குடியிருந்தோம்.

தம்பி ஊரில், வடமராட்சியில், எங்கள் பெற்றோருக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். நான் மூத்தவன், எங்களுக்கிடையில் பத்து வயது. அவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் சண்டை மூண்டு, பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆகியது. படிப்பு அத்தோடு நின்றது. நான் முன்னரே லண்டனுக்கு வந்து கணக்கியல் படித்திருந்தேன். தம்பியை இங்கே கூப்பிட்டவன் நான். பயணக் காசு கொடுத்தவனும் நான்தான். இதை நான் எல்லோரிடமும் பல தடவை சொல்லியிருப்பதால் உங்களுக்குத் தெரியும்.

வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். பிறகு பரீட்சை எழுதி பஸ் சாரதியானார். விடியமுன் எழும்பிப் போய் முதல் பஸ்ஸை எடுப்பதில் அவருக்கு ஒரு பெருமை. "நான் போனாப் பிறகுதான் அண்ணை லண்டன் எழும்பும்" என்பார். வீட்டில் ஹீற்றர் போடுவது அவருக்குப் பிடிக்காது. யாராவது போட்டால் சத்தமில்லாமல் போய் நிற்பாட்டிவிட்டு, தான் ஒன்றும் அறியாதவர்போல் போர்வையோடு வந்து இருப்பார். கிரிக்கெட்டில் இலங்கை தோற்றால் அன்றைக்குத் தனக்குச் சோறு வேண்டாம் என்று அறிவிப்பார். சற்று நேரத்தில் குசினிக்குள் சட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்கும்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். அதை எழுதாமல் தம்பியைப் பற்றி எழுத முடியாது.

பிளேஸ்டோவில் எனக்குப் பலசரக்குக் கடை இருந்தது. அது ஓடுகிறது என்ற துணிவில், இருந்த வீட்டை ஈடு வைத்து இரண்டாவது கடையைத் திறந்தேன். இரண்டாவதைக் காப்பாற்ற முதலாவதைக் கரைத்தேன். வங்கியில் எடுத்தேன், கார்டுகளில் எடுத்தேன், சீட்டுப் பிடித்தேன், சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கினேன். மற்றவர்களின் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்து, இந்தக் கடை தேறாது என்று சொல்லத் தெரிந்தவன் நான். என் கடைக் கணக்கை மட்டும் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முடிவில் வங்கி வீட்டை எடுத்தது. நீதிமன்றம் என்னைக் கடன் கட்ட முடியாமல் வங்குரோத்து ஆனவன் என்று தீர்த்தது. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலருடைய பணமும் அதிலே போனது. சட்டம் ஒரு வருடத்தில் என்னைக் கடன்களிலிருந்து விடுவித்தது. உங்களிடம் அப்படியொரு விடுதலை கேட்கும் தகுதி எனக்கில்லை.

வீட்டை விட்டு வெளியேற நாள் குறித்துவிட்டார்கள். வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டு முகவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். என் பெயரைக் கணினியில் அடித்துப் பார்க்கும் வரைக்கும் அந்த மரியாதை இருந்தது. பிறகு, எங்கள் ஆட்கள் என்றால் இரங்குவார்கள் என்று நினைத்து, இரண்டு மூன்று வீடு வைத்திருந்த ஒருவரிடம் போனேன். அவர் தேத்தண்ணி தந்து உபசரித்தார்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்களிலை எனக்கு நம்பிக்கைதான். ஆனால் கடன்காரர் வந்து கதவைத் தட்டினா, உடையிறது என்ர கதவெல்லோ?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு எழும்பினேன்.

அந்தக் கிழமைதான் தம்பி வந்தார். அப்போது அவர் டூட்டிங்கில் வேறு இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தார். எங்கள் வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே நின்று, சாதாரணமாகச் சொன்னார்.

"அண்ணை, உங்கட பேரை விடுங்கோ. என்ர பேரில எடுப்பம். எனக்கு நிரந்தர வேலை, கடன் ஒண்டும் இல்லை. தருவாங்கள்."

"அது நீ கலியாணத்துக்கெண்டு சேர்த்த காசெல்லோ?"

"பொம்பிளை வரட்டும், அப்ப பாப்பம். முதல் பிள்ளைக்குப் படுக்க ஓரிடம் வேணும்."

முற்பணமும் முதல் மாதங்களின் வாடகையும் அவர் கட்டினார். ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் என்று அவருடைய பெயர் மட்டுமே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தெருப் பக்கத்துப் பெரிய அறையை எங்களுக்கும் அடுத்ததை மகளுக்கும் தந்தார். வாசலுக்கு மேலே இருந்த சின்ன அறையைத் தான் எடுத்தார். அதற்குள் கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது.

பால் காய்ச்ச ஒரு நல்ல நாள் பார்த்து, நெருங்கிய சிலரைக் கூப்பிட்டோம். பால் பொங்கி அடுப்பில் வழிய, புகை எழும்பி, கூரையிலிருந்த அலாரம் அலறத் தொடங்கியது. தம்பி கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறியபடி, "பால் பொங்கினா மேளம் அடிக்கத்தானே வேணும், வெள்ளைக்காரன் அதையும் கூரையில பூட்டித்தான் வைச்சிருக்கிறான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் மனைவியின் உறவினர் ஒருவர் என் முதுகில் தட்டி, "இந்தக் கஷ்டத்திலையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து வைச்சிருக்கிறீர். பெரிய மனசு" என்றார். தம்பி கதிரையில் நின்றபடியே என்னைப் பார்த்தார். நான், "வாங்கோ, ஆறமுதல் சாப்பிடுவம்" என்றேன். தம்பி இறங்கி, இலை போடப் போனார்.

அப்போதே திருத்தியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லாததை அடுத்த மாதம் சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இப்படியே தள்ளிப்போனது. கடை போய், வீடு போய், மரியாதையும் போயிருந்த காலத்தில், தம்பியை வைத்துப் பார்க்கிறவன் என்ற பெயர் ஒன்றுதான் எனக்கு மிச்சமாக இருந்தது. அது என்னுடையதல்ல என்று தெரிந்தே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் வருடம் தம்பிக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்தது. தம்பிக்கு நாற்பது கடந்திருந்தது. பெண் ஆசிரியை, படம் பார்த்து இரு பக்கமும் பிடித்து, சாதகமும் பொருந்தியிருந்தது. தம்பி போட்டுக்கொள்ளப் புதிதாக இரண்டு சேட் வாங்கி வைத்திருந்தார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தகப்பனாரும் தாயாரும் லூயிஷாமிலிருந்து விசாரிக்க வந்தார்கள். தம்பி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்தே வந்தார்கள். மூத்தவன் என்பதால் என்னைத்தான் கேட்டார்கள். குடி, புகை எல்லாம் கேட்டு, தலையாட்டி, மிக்ஸர் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பெரியவர் கேட்டார்:

"மாப்பிள்ளைக்குத் தனிய வீடு வாசல் ஏதும் இருக்கோ, இல்லாட்டி உங்களோடதானோ?"

"இப்ப எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறம்" என்றேன்.

"உங்கட வீட்டிலை."

நான் மிக்ஸர்த் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவரே தொடர்ந்தார்.

"ஓம், ஓம். அதிலை பிழையில்லை. ஆனா இந்த வயதிலை இனித்தான் ஒரு வாடகை வீடெண்டாலும் தேடோணும், என்ன?"

"தேடலாம்" என்றேன்.

தாயார் கைகழுவ மேலே போய், திரும்பி வரும்போது அந்தச் சின்ன அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது முகத்தில் தெரிந்தது. அவர்கள் போன பிறகு மனைவி குசினி வாசலில் நின்றார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயப்பா."

"என்னெண்டு? நான் வங்குரோத்து எண்டோ?"

"இல்லை. வீடு தம்பியின்ர எண்டு."

சில நாட்களில், சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் தொலைபேசியில் சொன்னார். பொருந்திய பிறகுதான் அவர்கள் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பி, "சரி, விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பிறகு வந்த ஒன்றிரண்டு பேச்சுகளுக்கு அவரே வேண்டாம் என்றார்.

மானத்துக்குப் பயந்து வாய் திறக்கவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் எழுதுகிறேன். அந்தப் பெண் இந்த வீட்டுக்குத் தம்பியின் மனைவியாக வந்தால் நாங்கள் எங்கே போவது என்ற நினைப்பு, அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே என் மனதில் ஓடியது. என் பெயருக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். தம்பி தனி ஆளாக இருக்கும்வரைக்கும் எங்களுக்குக் கூரை இருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

காலம் போனது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, சாப்பாட்டுச் செலவை நான் பார்த்தேன், வாடகை தம்பியுடையது. மகள் அவருடைய செல்லம். அவளுக்கு வாகனம் ஓட்டப் பழக்கியது சித்தப்பாதான். "சித்தப்பா, இது பஸ் இல்லை, ஒவ்வொரு ஸ்டொப்பிலையும் நிக்கத் தேவையில்லை" என்று அவள் கத்துவதும், "ஆக்கள் ஏறாட்டியும் ஒருக்கா நிண்டு பாக்கிறது மரியாதை" என்று அவர் சொல்வதும் இன்றும் காதில் கேட்கிறது. சில வருடங்களில் என் பெயரிலிருந்த கறை பதிவுகளிலிருந்து நீங்கிவிட்டது. வேறு வீடு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பழகிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டேன்.

சென்ற வருடம் தம்பிக்கு ஈரலில் நோய் கண்டது. குடிக்காதவருக்கு இது எப்படி என்று வைத்தியர்களைக் கேட்டோம், வரும் என்றார்கள். கடைசி மாதத்தில் ஒரு பின்னேரம், ஆஸ்பத்திரியில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். எனக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தம்பி, லூயிஷாமில இருந்து ஒரு ஐயா விசாரிக்க வந்தவர், ஞாபகமிருக்கே?"

"மிக்ஸரை முழுக்க முடிச்சுப்போட்டுப் போனவர்."

"அண்டைக்கு நான் அவருக்கு..."

"தெரியும் அண்ணை. அண்ணி அண்டைக்கே சொல்லிப்போட்டா."

"உனக்குக் கோவம் வரேல்லையே?"

"ஏன் வராது? நல்லா வந்தது. ரெண்டு மூண்டு மாசம் உங்களோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை." அவர் மெல்லச் சிரித்தார். "நீங்கள்தான் கவனிக்கேல்லை."

உண்மைதான். எவ்வளவு யோசித்துப் பார்த்தும் அப்படியொரு காலம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்ப ஏன் எங்களை விட்டிட்டுப் போகேல்லை?"

"யோசிச்சனான். வீட்டை விடுறன் எண்டு அறிவிக்கப் போனைக் கையிலையும் எடுத்தனான். பிறகு உங்களுக்கு ஆர் வீடு தருவினம்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதினை வேற வந்திட்டுது."

"என்னை மன்னிச்சுக்கொள் தம்பி."

"அண்ணை, இந்தத் தலையணையை ஒருக்கா உயர்த்தி விடுங்கோ. முதுகு நோகுது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் தலையணையை உயர்த்தினேன். "இப்ப சரியோ?" என்று கேட்டேன். "ஓம், இப்ப நல்லம்" என்றார். அதன்பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. சில கிழமைகளில், மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, தம்பி அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

தம்பியை இரவும் பகலும் பராமரித்த தாதியர், வைத்தியர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலை முடிந்த உடையோடே வரிசையாக வந்து நின்று அஞ்சலி செய்த அவருடைய பஸ் டிப்போ நண்பர்களுக்கும், முதல் நாளிலிருந்து சோறு சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், கிரியைகளை நிறைவாகச் செய்துதந்த குருக்களுக்கும், மழையையும் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. இன்று முப்பத்தோராம் நாள் மதிய உணவில் எங்களோடு அமர்பவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நன்றி.

பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். தம்பியின் மறைவை அறிவித்த பிறகு, வீட்டு முகவர் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் என்னை அழைத்தார். தன் அனுதாபத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவதற்காகச் சில விபரங்களைக் கேட்டார்.

"காலமானவர் உங்களுக்கு என்ன உறவு?"

"என் தம்பி."

"அப்படியானால், அவர் உங்களோடு வசித்து வந்தாரா?"

"இல்லை" என்றேன். "நான் வங்குரோத்து ஆனபோது அவர் இந்த வீட்டை எடுத்து எங்களை வைத்துக்கொண்டார். நான்தான் அவரோடு வசித்தேன்."

இத்தனை வருடமும் நான் பயந்துகொண்டிருந்த வசனம் அது. அவர், "சரி ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

— அண்ணை